இறக்கப்படாத கூண்டு

நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1, 2 என்றால் ஆழ்கடலில் எங்கோ ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கும் மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும், அல்லது தலைக்கு மேலேயே வருமா என்பதை இந்த மூன்றும் பிரித்துச் சொல்லும். பகலில் உருளையும் கூம்பும் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எனக்கு மிகவும் பிடித்தது 11. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். தெரியவில்லை என்பதையும் ஒழுங்காக ஏற்றிக் காட்டுகிற ஏற்பாடு அது. இன்றைய தொலைக்காட்சி எதற்கும் அந்தப் பதினோராம் கூண்டு கிடையாது.

கூண்டு கடலுக்குப் போகிறவருக்காக ஏற்றப்படுவது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தன் வேலை தெரிந்துவிடும்: படகை மேட்டில் ஏற்றிக் கட்டலாம், வலையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், இல்லை, நாளைக் காலை வந்து பார்க்கலாம். ஆபத்து விலகியதும் கூண்டை இறக்கிவிடுவார்கள். குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்ட மீனவர்கள் பலர் தங்கல் மீன்பிடிப்புக்காக ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எந்த எண் ஏறியிருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு எட்டியிருக்காது. செய்தி குறைவாக இருந்த காலத்தைப் பொற்காலம் என்று பாட அதனால் எனக்கு வாய் வரவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு, மேட்டூர் அணை நீர்மட்டம். முழு நீர்மட்டம் 120 அடி. இன்று எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று நாளிதழில் ஒரு விரற்கடை இடத்தில் போடுவார்கள். ஜூன் 12க்குத் திறப்பார்களா மாட்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும். குறுவைக்கு நாற்று விடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கும். படிக்க அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தில் ஒரு பருவத்து வேலை தீர்மானமாகும். என் தாத்தாவுக்கு உலகப்போர் பற்றித் தெரியும், வியட்நாம் பற்றித் தெரியும். ஆனால் பேப்பரை விரித்ததும் கண் போகிற முதல் இடம் மேட்டூர்.

இப்போது என் கைப்பேசிக்கு வருகிறவற்றில் ஏற்றுவது மட்டும்தான் நடக்கிறது, இறக்குவார் யாரும் இல்லை. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாவுக்குக் கீழே ஒரு நியூஸ் கார்டு. சிவப்புப் பட்டை, சேனலின் சின்னம், ஒரு தலைவரின் பாதி முகம், மூன்று வரி. அதே சின்னத்தோடு அதற்கு நேர் எதிரான இன்னொரு கார்டு மத்தியானம் வரும். முதல் கார்டு போலி என்று சேனல் அறிவித்த கார்டு சாயங்காலம் வரும். மூன்றையும் அனுப்பியவர் ஒரே சித்தப்பாவாக இருப்பார். அவரைக் கேட்டால், “தெரிஞ்சிருக்கட்டுமேன்னு அனுப்புனேன்” என்பார். தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பது எந்தக் கார்டிலும் இருக்காது.

பலர் அதனால்தான் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் பல நாடுகளில் கேட்கிறது. செய்திகளை அவ்வப்போதோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்று சொன்னவர்கள் 2017இல் 29 சதவீதம், 2024இல் 39 சதவீதம். அலுப்பு புரிகிறது. ஆனால் செய்தியை அறவே விட்டவர்களுக்கும் ஃபார்வர்டு வந்துகொண்டுதான் இருக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அதற்குச் சில வாரங்களாகவே வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒரு நாளிதழையாவது முழுதாகப் படித்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்தது. 16ஆம் தேதி பின்னிரவு வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நான் திருச்சியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பேராவூரணிக்கு அருகே மாமாவின் தென்னந்தோப்பு; போன் போகவில்லை. திரையில் நாகப்பட்டினம் கடற்கரையில் மழைக்கோட்டு மாட்டிய நிருபர், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, காற்று வேகமாக வீசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு மரம் வளைந்து நிமிர்ந்தது. சேனலை மாற்றினால் வேறு நிருபர், வேறு மரம், அதே வாக்கியம். அம்மா தூங்கவில்லை. அந்த இரவு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல், மாமா வீட்டு ஓடு நிற்கிறதா என்பது. அது அவர்களிடம் இல்லை. இல்லை என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இல்லை. வேறு எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும்?

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ஒன்றைக் கண்டார்கள். அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன மன உளைச்சல், குண்டு வெடித்த இடத்திலோ பக்கத்திலோ இருந்தவர்கள் சொன்னதைவிட அதிகம். முதலில் படித்தபோது நம்பக் கஷ்டமாக இருந்தது. கஜா இரவை நினைத்தால் கஷ்டமாக இல்லை. தோப்பில் இருந்தவர்களுக்குப் புயல் விடியும்போது முடிந்துவிட்டது. எங்களுக்கு அது மறுநாள் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை கரை கடந்தது.

முதல் நாள் எதிர்க்கட்சிகளே அரசின் முன்னேற்பாட்டைப் பாராட்டின. உயிர்ச்சேதம் அஞ்சிய அளவுக்கு இல்லை என்பதால் சேதமே குறைவு என்ற எண்ணம் எங்கும் இருந்தது. மாமாவின் குரல் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

“டிவில என்னடா சொல்றான்?”

“சேதம் கம்மின்னு சொல்றாங்க மாமா.”

“அப்படியா. அதை அமத்திட்டு, மரம் அறுக்கிற மிஷினும் ரெண்டு ஆளும் அங்க கெடைக்குமான்னு பாரு. இங்க ஊருக்கே ஆள் இல்ல.”

அது செய்தி. அதைக் கேட்டதும் எழுந்து சட்டையைப் போட முடிந்தது.

பிறகு நடந்தது எதுவும் பெரிய அளவில் திரைக்கு வரவில்லை. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தது வந்தது. அகற்றவே அதைவிட அதிகம் ஆனது வரவில்லை. வேரோடு சாய்ந்த மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் அந்தக் குழியில் கன்று வைக்க முடியாது. எடுக்காமல் போட்டால் காண்டாமிருக வண்டு குடியேறிவிடும். நெட்டை ரகம் வைத்தால் பாளை விட ஆறேழு வருடம். குட்டை, வீரிய ஒட்டு ரகங்கள் சீக்கிரம் காய்க்கும், ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். மாமா நெட்டையையே வைத்தார். இடையில் கடலை போட்டார், ஒரு வருடம் உளுந்து போட்டார். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று பணம் பார்த்துக்கொண்டிருந்த வீடு, அறுவடைக்கு அறுவடை பார்க்கிற வீடானது. அவர் மகன் திருப்பூருக்குப் போனான். அவன் தங்கை கல்யாணம் தள்ளிப்போனது. கஜா என்கிற செய்தி உண்மையில் இதுதான். புயல் இதன் முதல் வரி. மிச்சத்தை எழுத ஏழு வருடம் ஆயிற்று, எழுதத்தான் ஆள் இல்லை. 2025இல் தேங்காய் விலை தாறுமாறாக ஏறியபோது சேனல்களில் அதுவும் ஒரு மாலை விவாதமானது. வெள்ளை ஈயையும் வாடல் நோயையும் பற்றி ஒரு விவசாயி பேச ஆரம்பித்தார், இடைவேளை விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து ஒன்று பிடிபட்டது எனக்கு. நூறு செய்தியின் முதல் வரிகளை ஒரே நாளில் மேய்வதால்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனால் அப்படி முட்டுவதில்லை. துயரம் குறைவதாகச் சொல்லவில்லை. ஆனால் துயரத்துக்கு ஆளும் ஊரும் தேதியும் கிடைக்கின்றன. அதன்பின் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்றாவது தெரிகிறது.

‘உன்னால் ஏதாவது செய்ய முடிகிற செய்தியை மட்டும் படி, மற்றதை விடு’ என்று ஓர் அறிவுரை உலவுகிறது. காதுக்கு நன்றாக இருக்கிறது. கிராமசபை இப்போது தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அந்தத் தேதிகள் தெரியாதவர்கள் அமெரிக்க அதிபர் நேற்று ராத்திரி என்ன பதிவு போட்டார் என்பதை வரிக்கு வரி சொல்வதைப் பார்க்கும்போது அந்த அறிவுரையை அச்சடித்து டீக்கடை டீக்கடையாக ஒட்டலாம் போலிருக்கும். ஆனால் என்னால் அதை முழுக்க ஏற்க முடியவில்லை. 2009இல் அந்தக் கணக்குப் பார்த்திருந்தால் நாங்கள் இலங்கையில் வன்னியில் நடந்த போரைப் பற்றி ஒன்றும் படித்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியிலிருந்து மே வரை இங்கே உட்கார்ந்து எங்களால் செய்ய முடிந்தது ஊர்வலமும் உண்ணாவிரதமும். அவற்றால் ஒரு ஷெல்லும் நிற்கவில்லை. போர் நடக்கும் இடத்துக்குச் சுயேச்சையான நிருபர்களை விடவில்லை என்பதால் வந்த செய்தியும் அரைகுறை. இருந்தும் அந்த மாதங்களில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நம்மால என்ன பண்ண முடியும்” என்று சொன்னவர்களோடு எனக்கு இன்றும் பேச்சு ஒட்டுவதில்லை. பயன் இல்லாமலும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தச் செய்திக்கும் வால் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று போராட்டம் பரவியது, ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே இறந்துபோன தாய்மார் பலர். மே 18க்குக் கவிதை பகிர்கிற என் நண்பர்கள் சிலருக்கு இது தெரியாது. முள்ளிவாய்க்காலை அவர்கள் 2009ஓடு நிறுத்திவிட்டார்கள்.

என் வழக்கத்தை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் அச்சுப் பேப்பர், அதில் மாவட்டப் பக்கம் முதலில். கடைசிப் பக்கம் வந்தால் முடிந்தது; முடிவது அதன் பெரிய குணம். வானொலிச் செய்தியும் அப்படித்தான், ‘இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லுவார். கைப்பேசியில் வானிலை அறிவிப்பைத் தவிர மற்ற மணியோசைகளை நிறுத்திவிட்டேன். மாலை விவாதங்கள் பக்கம் போவதில்லை. நாலு பேர் நாலு சதுரத்தில் உட்கார்ந்து கத்துவதால் எனக்கு எதுவும் தெரிந்ததாக நினைவில்லை. பிடித்துக்கொண்ட ஒரு சில செய்திகளுக்கு ஒரு நோட்டு. தேதி போட்டு, எங்கே படித்தது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி. பல பக்கங்களில் அந்த ‘அடுத்து’ காலியாகவே கிடக்கிறது.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு வந்த அண்ணன் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு செய்தி நிறுவனத்தில் இரவுப் பணி அவளுக்கு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தபோது, வந்து குவிந்த வீடியோக்களில் உடல்கள் தெரியும் இடங்களைப் பார்த்துப் பார்த்து மங்கலாக்குவது அவள் வேலை. நாம் பார்த்தது அவள் மங்கலாக்கிய பிறகு வந்தது. அவள் மங்கலாக்காமல் பார்த்தாள்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “நீங்க சொல்றதெல்லாம் சரி சித்தப்பா. எல்லாரும் நிதானமா விடிஞ்சதும் பேப்பர் படிச்சா, ராத்திரி முழிச்சிருந்து அதை எல்லாம் பாக்குறது யாரு? வால் பிடிக்கிறேன் வால் பிடிக்கிறேங்கறீங்க, பேராவூரணிக்கு ஒரு ரிப்போர்ட்டர அனுப்பணும்னா பஸ் சார்ஜ் யாரு குடுப்பா?”

லீவு நாளில் அவள் போனைத் தொடுவதில்லையாம். நான் தினமும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்.பில் படித்துவந்த இன்னொரு பத்திரிகைக்கு அந்த வாரம் ஆண்டுச் சந்தா கட்டினேன். “ஒரு வருஷத்துக்குத்தானா?” என்று கேட்டாள்.