உண்மையைச் சொல்லிச் சம்பாதிக்கலாமா?

பங்குச் சந்தையில் விசித்திரமான வியாபாரம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனியின் பங்கு விலை விழும் என்று எண்ணுபவன், தன்னிடம் இல்லாத அந்தப் பங்கை வேறொருவரிடம் கடனாகப் பெற்று, அன்றைய விலைக்கு விற்றுவிடுகிறான். விலை விழுந்தபின் மலிவாக வாங்கிக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறான். நூறுக்கு விற்றதை அறுபதுக்கு வாங்கி அடைத்தால் நாற்பது இலாபம். விலை ஏறிவிட்டாலோ நஷ்டத்திற்கு எல்லையில்லை. 'ஷார்ட் செல்லிங்' என்பது இதன் பெயர்.

இவர்களில் சிலர் விலை விழட்டும் என்று சும்மா காத்திருப்பதில்லை. கம்பெனியின் புளுகுகளைத் துருவித் தேடி அறிக்கையாக வெளியிடுகின்றனர். விலை விழுகிறது, அதில் சம்பாதிக்கின்றனர். உண்மையைத்தானே சொன்னார்கள், இதில் என்ன குற்றம் என்று நம் படித்த வாலிபர்கள் கேட்கின்றனர். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பாருங்கள். மின்சாரத்திலும் ஹைட்ரஜனிலும் ஓடும் லாரிகளைச் செய்யப் போவதாகச் சொன்ன நிகோலா என்ற கம்பெனி 2020 ஜூன் மாதம் சந்தைக்கு வந்தது. சுமார் 34 டாலராக இருந்த பங்கு ஒரு வாரத்திற்குள் ஒரு கட்டத்தில் 93 டாலரைத் தாண்டியது. நூறாண்டு கண்ட ஃபோர்டு கம்பெனியின் மதிப்பையும் சிறிது நேரம் மிஞ்சியது. அந்த ஆண்டின் இரண்டாம் மூன்று மாதங்களில் நிகோலாவின் வருமானம் வெறும் 36,000 டாலர்! அதுவும் லாரி விற்று வந்ததல்ல; அதன் நிறுவனர் டிரெவர் மில்டனுக்கே சூரிய மின்தகடு பொருத்திக் கொடுத்து வந்தது.

செப்டம்பர் 10 அன்று ஹிண்டன்பர்க் என்ற ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. 2018-ல் கம்பெனி காட்டிய படத்தில் சாலையில் விரைந்து ஓடிய லாரி, தன் இயந்திரத்தால் ஓடவில்லை. சரிவின் உச்சிக்கு இழுத்துச் செல்லப்பட்டு உருட்டி விடப்பட்டது என்றது. அந்தச் சரிவையும் தேடிப் பிடித்து, அதே இடத்தில் வேறொரு வண்டியை உருட்டிப் பார்த்திருந்தார்கள். தன் சக்தியால் ஓடியதாகத் தாங்கள் சொல்லவேயில்லை என்றுதான் கம்பெனியால் பதில் கூற முடிந்தது. பத்தே நாளில் மில்டன் பதவி விலகினார். 2022-ல் மோசடிக் குற்றவாளியென ஜூரிகள் தீர்ப்பளித்தனர். 2023-ல் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்ப் மில்டனுக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்! பங்கு வாங்கிச் சேமிப்பை இழந்த சாதாரண மக்களுக்கு எந்த மன்னிப்பு உதவும்?

முதலில், குறையை வெளியிட்டது புறம் பேசியதாகுமா? ஆகாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரின் ஏழ்மையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதற்காகக் குறை கூறுவது ஆகுமான இடங்களில் ஒன்று என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் விளக்கியுள்ளார்கள். மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி ஈரத்தை அடியில் மறைத்திருந்த வியாபாரியின் குவியலில் நபியவர்கள் கையை விட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். லாரியை உருட்டிவிட்டுப் படமெடுப்பது அந்த ஈரத்தை மறைப்பதன்றி வேறென்ன? உள்ளே இருந்துகொண்டு உண்மை தெரிந்தும் வாய் மூடியிருந்தவர்களைத்தான் நான் அதிகம் குறை சொல்வேன்.

அடுத்து, சொன்னவருக்கு ஆதாயம் இருக்கிறதே! தன் சாட்சியால் தானே பயனடைபவனின் சாட்சியத்தைக் காழி ஏற்கமாட்டார். ஆனால் அந்தச் சட்டத்தை இரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு டெலிவிஷனிலும் சமூக ஊடகங்களிலும் தன் கம்பெனியைப் புகழ்ந்தவருக்கு மட்டும் ஆதாயம் இல்லையா? ஹிண்டன்பர்க்காவது விலை விழுந்தால் தமக்கு இலாபம் என்பதை அறிக்கையிலேயே எழுதியிருந்தது. இருவர் பேச்சையும் விசாரித்தே ஏற்க வேண்டும். விசாரித்து உண்மையென்று தெரிந்தபின், சொன்னவன் யார் என்பதற்காக அதைத் தள்ளுவதற்கில்லை. இரவில் தானியம் திருட வந்து பிடிபட்ட ஷைத்தான் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொல்லிப் போனபோது, அவன் பொய்யனாயினும் உன்னிடம் சொன்னது உண்மையே என்ற கருத்தில் நபியவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

பேச்சின் சட்டம் இவ்வாறு. விற்பனையின் சட்டம் வேறு. தம்மிடம் இல்லாத பொருளை விற்றுவிட்டுப் பிறகு கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். கடனாக வாங்கிய பங்கு கடன் பெற்றவனுக்குச் சொந்தமாகிவிடுகிறதே, பிறகு அது எப்படி இல்லாததை விற்பதாகும் என்று சிலர் வாதிடுகின்றனர். கெட்டிக்கார வாதந்தான்! ஆனால் அந்தச் சந்தைகளில் பங்கைக் கடன் கொடுப்பவர் அதற்குக் கட்டணம் வாங்குகிறார். கடனுக்கு மேல் நிபந்தனையாக வாங்கும் ஆதாயம் வட்டியல்லவா? ஒரு வாசலை அடைத்தால் மற்றொரு வாசலில் ஹராம் வந்து நிற்கிறது. தவிர, இன்று கடன் பெற்ற பங்கும் நாளை திருப்பும் பங்கும் ஒரே சொத்தைக் குறிப்பதில்லை. பஹ்ரைனிலுள்ள இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் தர நிர்ணய அமைப்பு பங்கைக் கடன் கொடுப்பதையும், கையில் இல்லாத பங்கை விற்பதையும் கூடாதென்றே வகுத்துள்ளது. கட்டுப்பாடுகளுடன் வழிவகுத்துள்ள மலேசிய உலமாக்களும் உண்டு. எனினும் முந்திய கருத்தே ஆதாரத்தில் பலமானதாக எனக்குப் படுகிறது.

நம் வாலிபர்கள் கைப்பேசியில் காலையில் இல்லாத பங்கை விற்று, சந்தை மூடுமுன் வாங்கி அடைக்கிறார்களே, அதில் கடன் என்ற பெயர்கூட இல்லை. அதற்கு எந்த வாதத்தைக் கொண்டு வருவது? புளுகும் கம்பெனியை நம்பாதிருக்க வழி பல உண்டு. அதை வாங்காமலிருக்கலாம். கையில் இருந்தால் விற்றுவிடலாம். ஆனால் பொய்யென்று தெரிந்தபின், தெரியாதவன் தலையில் கட்டுவது அந்த ஈரத் தானியத்தையே விற்பதாகும். உறவினரையும் நண்பரையும் எச்சரிக்கலாம். அதற்கு ஒரு பங்கையும் விற்கத் தேவையில்லை.

இவ்வழியில் இலாபம் சேர்த்துவிட்டவர்கள் என்ன செய்வது என்றும் கேட்கின்றனர். போட்ட முதல் அவர்களுடையது. அதற்கு மேல் வந்ததை, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை ஜகாத் கணக்கில் சேர்க்கக் கூடாது.