மீட்டுப் பார்! நிமிர்ந்து நில்!

தோழா, ஒரே ஒரு கேள்வி. இந்த நொடியில் உன் டேட்டாபேஸ் அழிந்துபோனால், உன்னால் அதை மீட்க முடியுமா?

"பேக்கப் தினமும் ஓடுது சார்" என்று சொல்லாதே. நான் பேக்கப்பைக் கேட்கவில்லை, மீட்பைக் கேட்கிறேன்!

2017 ஜனவரி 31. உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் உழைப்பைச் சேர்த்து வைக்கும் கிட்லேப். உலகப் பொது நேரப்படி இரவு 11 மணி வாக்கில், துணை சர்வரில் இருப்பதாக எண்ணி ஒரு பொறியாளர் தரவுக் கோப்புறையை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடியில் உறைத்தது: அது பிரதான சர்வர்! பதறி நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இல்லையா? ஐந்து வழிகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும் நிலையில் இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2 பதிப்புக் கருவி பேக்கப் எடுக்கப் பார்த்து, தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆனால் அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். எங்கே சறுக்கினோம் என்று ஊரறிய எழுதினார்கள். விழுந்ததை மறைக்காதவனே எழுகிறான்!

விதைநெல்லைப் பத்திரமாக வைத்திருக்கும் விவசாயி, அதை அப்படியே வயலில் கொட்டுவதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைக்கிறார். பிரித்து, முளைத்தது எத்தனை என்று எண்ணுகிறார். அதன்பிறகே விதைக்கிறார். மீட்டுப் பார்க்காத பேக்கப் முளை பார்க்காத விதை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பேக்கப் முறையைத் தேர்ந்தெடுக்கத் தயங்குகிறாயா? இரண்டே கேள்வி போதும். எத்தனை நிமிடத் தரவை இழந்தால் தாங்குவோம்? எத்தனை நேரம் சேவை முடங்கினால் தாங்குவோம்? நிர்வாகத்திடம் நேராகக் கேள். பதிலை எழுதி வாங்கு.

இரவு ஒருமுறை மட்டும் முழு பேக்கப் எடுத்தால், மறுநாள் இரவு விழும் அடியில் ஒரு நாள் உழைப்பே போகும். அது கட்டுப்படியாகாதா? டிரான்சாக்‌ஷன் லாகுகளையும் தொடர்ந்து சேமி. தவறான டெலீட் நடந்த நொடிக்கு முந்தைய நொடி வரை திரும்பலாம். ரெப்ளிகா இருக்கிறதே என்று இறுமாந்துவிடாதே! சர்வர் செத்தால் அது கைகொடுக்கும். நீ தவறுதலாக அழித்ததை அதுவும் உடனே அழித்துவிடும். மூன்று பிரதி வை. இரண்டு வகை ஊடகத்தில் வை. ஒன்றை வேறு ஊரில் வை. உன் அட்மின் பாஸ்வேர்டு திருடு போனாலும் அழிக்க முடியாதபடி ஒன்றைப் பூட்டி வை.

இனி செயலில் இறங்கு! தனியாக ஒரு சர்வரை எடு. கடிகாரத்தைப் பார்த்து ரீஸ்டோரைத் தொடங்கு. முடிந்ததும் டேபிள்களைத் திற. வரிசைகளை எண்ணு. கடைசிப் பதிவின் நேரத்தைப் பார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வை. முதல்முறை தோற்பாய். தோற்றுப் போ! வாடிக்கையாளர் அலறும் நாளில் தோற்பதைவிட, அமைதியான செவ்வாய்க்கிழமையில் தோற்பது ஆயிரம் மடங்கு மேல். திருத்து. மறுபடி மீட்டுப் பார்.

தன்னம்பிக்கை வாய்ச்சொல்லில் வருவதில்லை. செய்து பார்த்த கைக்கே அது வரும். நள்ளிரவில் போன் அலறும்போது உன் கை நடுங்காமல் இருக்க வேண்டுமா? இந்த வாரமே ஒரு ரீஸ்டோர் செய். தேதியை எழுதி உன் மேசைமேல் ஒட்டு!