தானே மறைந்த பழுது

துன்பம் ஒன்று நீங்கிய பின்னரும் அதன் காரணத்தைத் தேடும் கடமை மனிதனுக்கு உண்டா? விடை எளிது போலத் தோன்றும். காய்ச்சல் தணிந்தவன் எழுந்து வேலைக்குப் போகிறான். கூரையின் ஒழுக்கு நின்றதும் வீட்டுக்காரன் ஏணியை எடுத்து மூலையில் சாய்த்துவிடுகிறான். வலிக்கும்போது காரணத்தை நாடுவதும் வலி போனதும் அதை மறப்பதும் மனித இயல்பு. பெரும்பாலான வேளைகளில் இவ்வியல்பினால் பெருந்தீங்கு விளைவதில்லை. எனினும் இம்மறதியை மன்னிக்காத இடங்கள் சில உண்டு. தன் கையால் கட்டிய வானூர்தியில் தானே ஏறிப் பறப்பவரின் இயந்திரம் அத்தகைய இடங்களுள் ஒன்று.

வீட்டுக் கொட்டகையில் வானூர்தி கட்டுவதா என வியப்போர் இருக்கலாம். 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பறந்த ரைட் சகோதரர்களின் ஊர்தியே, மிதிவண்டிக் கடை நடத்திய இருவர் தம் முயற்சியால் கட்டியதுதான். அம்மரபு அமெரிக்காவில் இன்றும் தொடர்கிறது. பால் போபெரெஸ்னி என்பார் 1953ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் நடத்தும் பெருவிழாவுக்காக அதே மாநிலத்து ஓஷ்கோஷ் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான ஊர்திகள் வந்திறங்குகின்றன. ஊர்தியின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியவருக்கு, அதைச் சோதனை வகை ஊர்தியாகப் பறக்கவிட அந்நாட்டுச் சட்டம் இசைவளிக்கிறது.

அவ்வாறு கட்டுவோருள் சிலர் தம் ஊர்திக்குச் சுழல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் கருத்தில் உருவாகி 1957ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓடிய இயந்திரம் அது. அதில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பிஸ்டன் இல்லை. திறந்து மூடும் வால்வு இல்லை. மூன்று முகங்கள் கொண்ட சுழலி ஒன்று, இடை சிறுத்த நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுழல்கிறது. சுழலி ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் தண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறது. ஜப்பானிய மஸ்டா நிறுவனம் 1967ஆம் ஆண்டு முதல் இவ்வகை இயந்திரத்தைக் கார்களில் பொருத்தி விற்றது. இரண்டு சுழலிகளும் 1,308 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட 13பி என்னும் இயந்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. அசையும் உறுப்புகள் குறைவு, எடையும் குறைவு, ஆற்றலோ மிகுதி. வானூர்தி கட்டுவோரை அது ஈர்த்ததில் வியப்பில்லை. மிக விரைவாகச் சுழலும் அதன் தண்டுக்கும் மெதுவாகச் சுழல வேண்டிய உந்துவிசிறிக்கும் இடையே ஒரு பற்சக்கரப் பெட்டியை வைத்து அதைப் பறக்கப் பழக்கினார்கள்.

இயந்திரம் எளியதாயினும் அதற்கு உணவூட்டும் முறை எளியதன்று. எரிபொருளைப் பம்பு தொட்டியிலிருந்து இழுத்து, வடிகட்டி வழியே அழுத்தத்துடன் அனுப்புகிறது. பீய்ச்சுகுழல்கள் அதை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் திறந்து பனித்திவலையாகத் தெளிக்கின்றன. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைச் சிறு கணினி ஒன்று முடிவு செய்கிறது. காற்றின் அழுத்தம், வெப்பம், தண்டின் வேகம் ஆகியவற்றை உணரிகள் கம்பிகளின் வழியே அதற்கு ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. 13பி இயந்திரத்தின் பல வகைகளில் பீய்ச்சுகுழல்கள் நான்கு. சுமை குறைவாக இருக்கும்போது இரண்டு மட்டும் வேலை செய்யும். சுமை மிகும்போது மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் மின்சாரத்தை நம்பியவை. பழைய வானூர்தி இயந்திரங்கள் மின்கலம் செத்தாலும் தமக்கு வேண்டிய தீப்பொறியைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. இங்கோ, மின்சாரம் நின்றால் இயந்திரமும் நின்றுவிடும்.

இனி, இவ்வாறு ஓர் ஊர்தியைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டி முடித்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தரையில் அவருடைய இயந்திரம் சீராக ஓடுகிறது. முழு விசையில் மேலேறும்போது இரண்டு நொடி தடுமாறுகிறது. பின் தானே தெளிந்துவிடுகிறது. அவர் வட்டமிட்டு நலமாக இறங்குகிறார். என்ன நேர்ந்தது? தொட்டியில் தங்கிய துகள் வடிகட்டியை அடைத்திருக்கலாம். புகைபோக்கியின் வெப்பத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பீய்ச்சுகுழல்களின் கணக்குப் பிசகியிருக்கலாம். உணரியின் இணைப்பு அதிர்வில் நெகிழ்ந்திருக்கலாம். எர்த் கம்பி ஒன்று சரியாகப் பற்றாமல் கணினிக்குப் பொய்ச் செய்தி போயிருக்கலாம். காரணங்கள் பல, அறிகுறியோ ஒன்று. விளைவும் சிறியதன்று. எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தால் அறைக்குள் முறையற்ற வெடிப்பு உண்டாகும். சுழலியின் முனைகளில் உள்ள மெல்லிய அடைப்புப் பட்டைகள் நொறுங்கக்கூடும்.

அன்று மாலையே அவர் வேலையைத் தொடங்குகிறார். வடிகட்டியை மாற்றுகிறார். குழாய்களுக்கு வெப்பக் காப்பு சுற்றுகிறார். இணைப்புகள் அனைத்தையும் கழற்றித் துடைத்து இறுக்குகிறார். கணினியின் கணக்கையும் சற்றுத் திருத்துகிறார். மறுநாள் இயந்திரம் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. மகிழ்ச்சியுடன் கருவிப் பெட்டியை மூடுகிறார். பார்ப்பவர் அவரைச் சுறுசுறுப்பான உழைப்பாளி என்று பாராட்டுவர். ஆனால் அவர் செய்த நான்கனுள் எது பழுதைப் போக்கிற்று? நான்கும் அல்லாமல், உறைக்குள் அறுந்திருக்கும் ஒரு கம்பி அன்று தற்செயலாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? அவருக்குத் தெரியாது. பழுது தீர்ந்தது என்று அவர் சொல்வதன் உண்மைப் பொருள், பழுது இன்று கண்ணில் படவில்லை என்பதே.

ஆசிரியர் எவரும் இதை எளிதில் உணர்வர். கணக்குத் தேர்வில் மாணவன் ஒருவன் வழியில் இரண்டு பிழைகள் செய்கிறான். ஒரு பிழை மற்றொன்றை ஈடுசெய்து, விடை சரியாக வந்துவிடுகிறது. விடையை மட்டும் பார்த்து முழு மதிப்பெண் இடும் ஆசிரியர் அவனுக்கு நன்மை செய்தவர் ஆகார். அடுத்த கணக்கில் அப்பிழைகள் ஒன்றையொன்று காப்பாற்றா. நல்லாசிரியர் விடையைக் கடந்து வழியைப் பார்க்கிறார். இயந்திரத்தின் முன் நிற்பவரோ தாமே மாணவர், தாமே தேர்வாளர். தமக்குத் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்ளும் உரிமை பெற்றவர். ஆதலின் அவர்மீது விழும் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். ஒருவர் தவறினால் மற்றவர் கண்டு திருத்துவதற்கு அப்பகுப்பில் இடமுண்டு. பெரிய விமான நிறுவனங்களிலும் பழுது பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு. தானே கட்டித் தானே பறப்பவரிடம் இந்த வேலிகள் இல்லை. ஊர்தி நன்றாயிருக்க வேண்டும் என்னும் அவருடைய ஆசையே அது நன்றாயிருக்கிறது என்று தீர்ப்பும் சொல்ல வருகிறது. இவ்விடத்தில் அறிவைக் காட்டிலும் வாய்மையே முதலில் வேண்டப்படுகிறது. பிறரிடம் காட்டும் வாய்மையினும் அரிதான, தன்னிடமே காட்டும் வாய்மை.

அவ்வாய்மை எத்தகைய செயலாக வெளிப்படும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதாக. மாற்றியதையும் அதன் விளைவையும் ஏட்டில் எழுதுவதாக. எரிபொருளின் அழுத்தத்தை ஊகிக்காமல் அளப்பதாக. இவையனைத்திற்கும் மேலாக, ஊர்தியின் வாலைத் தரையில் உறுதியாகக் கட்டி, இயந்திரத்தை முழு விசையில் ஓடவிட்டு, மறைந்த பழுதை மீண்டும் வரவழைக்க முயல்வதாக அது வெளிப்படும். குறிப்பிட்ட இணைப்பை நெகிழ்த்தினால் தடுமாற்றம் வருகிறது, இறுக்கினால் போகிறது என்று கண்டவரே காரணத்தைக் கண்டவர். இதில் ஒரு விந்தை அடங்கியிருக்கிறது. பழுது திரும்பவே கூடாது என்று விரும்புகிற மனிதர், உண்மையை அறியும் பொருட்டு, அது திரும்ப வேண்டும் என்றும் விரும்பியாக வேண்டும். தனக்கு உவப்பில்லாத ஒன்றைத் தானே அழைத்து எதிரில் நிறுத்தும் துணிவு, வானத்தில் பறக்கும் துணிவினும் சிறியதன்று.

இதற்கு மறுப்பும் கூறப்படலாம். முழு உறுதி எவருக்குக் கிடைக்கும்? எல்லா ஐயமும் தீர்ந்த பின்னரே பறப்பது என்றால் ஒருவரும் பறந்திருக்க முடியாதே! இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அறியப்படாத இடர் வேறு. அறிகுறி காட்டிய பின்னும் ஆராயப்படாத இடர் வேறு. ரைட் சகோதரர்கள் முன்னதை ஏற்றார்கள், பின்னதை ஏற்கவில்லை. 1901ஆம் ஆண்டில் அவர்களுடைய மிதவை ஊர்தி எதிர்பார்த்த அளவு மேலெழவில்லை. அவர்கள் அதைக் காற்றின் குற்றம் என்று விட்டுவிடாமல், தம் கடையிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துச் சிறகு வடிவங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். 1902ஆம் ஆண்டின் மிதவை ஊர்தி அவர்களுக்கு ஏமாற்றம் அளிக்கவில்லை.

தற்காலிகத் தீர்வு எல்லாமே குற்றம் என்றும் கொள்ளலாகாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் திடீரென மூக்கைத் தாழ்த்தும்போது, கார்புரேட்டரில் எரிபொருளின் நிலை குலைந்து இயந்திரம் அறுந்து ஓடியது. பார்ன்பரோ ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், துளையிட்ட சிறு தகடு ஒன்றால் 1941ஆம் ஆண்டில் அக்குறையைப் பெரிதும் தணித்தார். அது முடிந்த தீர்வு அன்று. புதிய கார்புரேட்டர் வரும்வரையில் தாங்கும் முட்டுக்கோல். முட்டுக்கோலை முட்டுக்கோல் என்று அறிந்து பயன்படுத்துவது அறிவுடைமை. அதையே தூண் என்று நம்புவது தன்னைத் தானே ஏமாற்றுதல்.

வேறொருவரின் உயிர் சேரும்போது இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. புதிதாகக் கட்டிய ஊர்தி வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பை முடிக்கும்வரையில் அமெரிக்கச் சட்டம் அதில் பயணிகளை ஏற்றவிடுவதில்லை. அதன் பின்னரும், இவ்வூர்தி தொழில்முறையில் அல்லாமல் ஆர்வலரால் கட்டப்பட்டது, வழக்கமான ஊர்திகளுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்னும் எச்சரிக்கை பயணியின் கண்ணில் படுமாறு உள்ளே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய ஊர்திகளின் விபத்துகளில் இயந்திர ஆற்றல் இழப்பும், பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தலுமே மிகுதி எனக் காட்டிற்று. சட்டத்தின் எச்சரிக்கை பொதுவானது. சென்ற கிழமை இரண்டு நொடி தடுமாறிய இயந்திரத்தைப் பற்றி அப்பலகை எதுவும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவரே. அருகில் அமர்ந்து கச்சையை மாட்டிக்கொள்ளும் நண்பரோ மகளோ அப்பலகையைப் படித்துவிட்டா ஏறுகிறார்கள்? கட்டியவரின் முகத்தைப் பார்த்து ஏறுகிறார்கள். தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று வாதிடலாம். தான் விடை காணாது விட்ட வினாவின்மீது பிறர் உயிரை வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆகவே, நீங்கிய துன்பத்தின் காரணத்தைத் தேடும் கடமை எப்போதும் உண்டா என்றால், எப்போதும் இல்லை எனலாம். நீங்கியதாகத் தோன்றும் ஒன்றை நம்பி மற்றோர் உயிர் புறப்படும் இடத்தில் அக்கடமை கட்டாயமாகிறது. தேடியும் காரணம் அகப்படாத நாளில் செய்யத்தக்கது ஒன்று எஞ்சியிருக்கிறது: ஏட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, கொட்டகையின் கதவைச் சாத்துவது. ஊர்தி பறக்காத அந்த நாளை எவரும் பாராட்டமாட்டார்கள். ஆயினும் கட்டியவரின் தகுதி ஐயமின்றி விளங்குவது அந்நாளில்தான்.