கொடுத்த பின்னும் விடாத பிடி

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்போர் பலரை நாம் அறிவோம். தறியை விலை கொடுத்து வாங்கியவர், அதில் எந்தப் பாவை ஏற்றலாம், சேலைக்கு எந்தக் கரையை நெய்யலாம் என்று தறியை விற்றவரிடம் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் ஊரார் நகைப்பர். ஆனால் நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர், கைப்பேசியொன்றை ஏந்தி வந்து ஏறக்குறைய அத்தகைய கேள்வியொன்றைக் கேட்டபோது நமக்கு நகைப்பு வரவில்லை.

கைப்பேசி ஐந்தாண்டுப் பழையது. கண்ணாடியில் கீறலில்லை, மின்கலமும் நன்றாகவே இருந்தது. ஆயினும் அதைச் செய்த நிறுவனம் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. உள்ளிருக்கும் மென்பொருளை அகற்றிவிட்டு, தன்னார்வலர்கள் ஆக்கி இலவசமாக வழங்கும் ‘லினியேஜ் ஓ.எஸ்.’ என்னும் இயங்குதளத்தை ஏற்ற அவர் விரும்பினார். அதற்கு, கருவி விழிக்கும்போது முதலில் ஓடும் ‘பூட்லோடர்’ என்னும் சிறு நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். “ஹஜ்ரத், நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன் என்று அன்றே விரலால் தொட்டிருக்கிறேன். இப்போது பூட்டைத் திறந்தால் வாக்கு மீறியவன் ஆவேனா?” என்றார்.

நல்ல கேள்வி. நாம் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, இது பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம்.

ஆண்ட்ராய்டின் அடித்தளமாகிய லினக்ஸ், யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையளித்து வெளியிடப்பட்டது. அந்த உரிமையைப் பற்றிக்கொண்டு 2009-இல் ‘சயனோஜென்மாட்’ என்னும் மாற்று இயங்குதளம் தோன்றியது. 2016 டிசம்பரில் அது நின்றுபோக, அதன் வழித்தோன்றலாக வந்ததே லினியேஜ். இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 2014 டிசம்பரில் மைக்ரோமாக்ஸ் நிறுவனம், இந்தியாவில் சயனோஜென்னைத் தன் கருவிகளோடு விற்கும் தனியுரிமை தனக்கே உண்டென்று ஒன்பிளஸ் நிறுவனத்தின் மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடியது. நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்துச் சில நாள்களிலேயே அதை விலக்கியது. எல்லார்க்கும் பொதுவென்று பிறந்த ஒன்றின் மீதும் தனியுரிமை வழக்கு எழுந்துவிடுகிறது! 2023 ஜனவரியில் நம் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று ‘பாரோஸ்’ என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் ஏதும் அதில் இல்லையென்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. கேளாமலே ஏற்றப்பட்ட செயலிகள் நம் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்த அந்நியரைப் போன்றவை என்று எண்ணுவோருக்கு அதன் அருமை விளங்கும்.

நிற்க. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

பரீரா என்ற அடிமைப் பெண்ணின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்ய அன்னை ஆயிஷா (ரலி) முன்வந்தபோது, விற்போர், “விற்கிறோம், ஆனால் ‘வலா’ எங்களுக்கே” என்றனர். விடுதலை பெற்றவரோடு நீடிக்கும் உறவுரிமையும், அதன்வழி வரும் வாரிசுரிமையுமே வலா. விலையையும் பெறுவோம், பிடியையும் விடோம் என்பதே அவர்கள் நிபந்தனையின் பொருள். பெருமானார் (ஸல்) அதை ஏற்கவில்லை. விடுதலை செய்தவருக்கே அவ்வுரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

அதற்காக வணிகத்தில் எந்த நிபந்தனையும் கூடாதென்பதன்று. செருப்பு வாங்குபவர், விற்பவரே வார் பொருத்தித் தர வேண்டுமென்று கேட்பதை ஹனஃபி நூல்கள் வழக்கத்தை முன்னிட்டு அனுமதிக்கின்றன. அதுபோல, பூட்டைத் திறந்தால் இலவசப் பழுதுபார்ப்பு இல்லையென்று நிறுவனம் சொன்னால் அது நியாயமே; நாம் செய்யும் மாற்றத்தின் கேட்டை அவர்கள் சுமக்க வேண்டியதில்லை. வங்கிச் செயலிகள் சில அத்தகைய கருவியில் இயங்க மறுப்பதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கருவியோ விற்கப்பட்டுவிட்டது. உள்ளிருக்கும் மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்தவே அனுமதிக்கப்பட்டது என்பது நிறுவனங்களின் வாதம். அப்படியே கொள்வோம். இரவல் வாங்கிய விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, சொந்தத் திண்ணையில் சொந்தப் பாயை விரிப்பவன் யாருடைய பொருளை அபகரித்தான்? மேலும், பயன்படக்கூடிய ஒன்றைக் குப்பையில் எறிந்து புதியது வாங்குவது வீண்விரயத்தின் வாசலில் நிற்பதாகும்.

கூடும் என்று சொன்னோம். மாணவர் மகிழ்ந்து சென்றார். நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு. பழைய கிதாபுகளைக் கொண்டு புதிய கருவிக்கு விடை கண்டுவிட்டோம் அல்லவா!

பதினைந்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகத்தில் களையில்லை. இயங்குதளம் சரியாகவே ஏறிவிட்டதாம். ஆனால் பூட்லோடரைத் திறக்கும் கணத்தில் கருவியிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். களவு கொடுத்தவரின் இரகசியம் களவாடியவன் கைக்குப் போகாதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை அவர் அறிந்தே இருந்தார். படங்களையும் தொலைபேசி எண்களையும் முன்னரே வேறிடத்தில் சேமித்திருந்தார். மறைந்த தகப்பனார் யாஸீன் ஓதிய ஒலிப்பதிவு ஒன்று அதனுள் இருந்ததைத்தான் அறியவில்லை. அவர் தாயார் வியாழன் மாலைதோறும் மக்ரிபுக்குப் பின் அதைக் கேட்டுவந்திருக்கிறார்.

“தாயார் ஏன் உமது கைப்பேசியில் கேட்டார்?” என்றோம்.

“அது அம்மாவோடதுதான் ஹஜ்ரத். நான் வாங்கிக் கொடுத்தது. ராத்திரியோட ராத்திரியா புதுசாக்கிக் கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம்னு எண்ணினேன்.”

நாம் வாயடைத்துப் போனோம். அன்பளிப்பாகக் கொடுத்து, பெற்றவர் கைப்பற்றிக்கொண்டால் பொருள் அவருடையதாகிவிடும். தாய்க்குக் கொடுத்ததை மகன் மீட்டுக்கொள்ளவும் வழியில்லை. முதலாண்டு மாணவனும் அறியும் பாடம் இது. கடலுக்கப்பால் உள்ள நிறுவனத்தின் உரிமையை ஒரு வாரம் ஆராய்ந்த நாம், ‘இப்பொருள் யாருடையது?’ என்று ஒரு சொல் கேட்கவில்லை. வினவியவரிடம் விவரம் கேட்டறியாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று எத்தனையோ பேருக்குக் கற்பித்திருக்கிறோம். விற்றவன் பிடியை விட மறுக்கிறான் என்று வாதிட்ட அப்பிள்ளையோ, தான் கொடுத்ததன் மீது தன் பிடி இன்னும் இருப்பதாகவே எண்ணியிருந்தார். அன்பினால்தான் செய்தார், ஐயமில்லை. எனினும் உடையவரைக் கேட்டிருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

“அம்மா என்ன சொன்னார்கள்?”

“திட்டவில்லை ஹஜ்ரத். ‘நல்லா வேகமாத்தான் இருக்குது’ என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ‘பழையபடி மாத்த முடியுமா?’ என்று கேட்டார்கள்.”

பழைய இயங்குதளத்தை மீண்டும் ஏற்ற முடியும். அதை அவர் தாயாரிடம் சொல்லியும் இருக்கிறார். குரல் வருமா என்று தாயார் மறுபடி கேட்டதற்குத்தான் பதில் சொல்ல இயலாமல் நம்மிடம் எழுந்து வந்துவிட்டார்.