பிள்ளையின் படிப்பும் ஓர் அமானிதமே!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹுத் தஆலாவுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நம் முஹல்லாக்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. எதிர் வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டான்; ஆகவே நம் மகனும் சேர வேண்டும் என்கிறார் ஒருவர். வெளிநாட்டில் சபுராளியாக இருக்கும் தந்தை போனிலேயே தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார். மாமா ஒன்று சொல்கிறார். மச்சான் ஒன்று சொல்கிறார். படிக்கப் போகிற பிள்ளையை மட்டும் எவரும் கேட்பதில்லை.

குர்பானிக்கு ஓர் ஆடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்; நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பிள்ளை தன் ஆயுளெல்லாம் செய்யப் போகிற தொழிலை மட்டும் ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறோம்!

மறுமை நாளில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அடியானின் பாதங்கள் நகராது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆயுளை எதில் கழித்தாய், வாலிபத்தை எதில் செலவிட்டாய், பொருளை எவ்வழியில் ஈட்டி எவ்வழியில் செலவழித்தாய், கற்ற அறிவைக் கொண்டு என்ன செய்தாய் என்பன அவை. திர்மிதீயில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து இது. ஒரு மாணவன் எந்தப் படிப்பை எடுப்பது என்று யோசிக்கும்போது இத்தனை கேள்விகளும் ஒருசேர அவன் முன் நிற்கின்றன. பிறகு இதை வெறும் உலகக் காரியம் என்று எப்படி ஒதுக்க முடியும்?

ஊருக்கு எது தேவை?

மார்க்கத்தில் கல்வி இரு வகைப்படும். தொழுகை, நோன்பு, ஹலால், ஹராம் பற்றித் தனக்குத் தேவையானதை அறிவது ஒவ்வொருவர் மீதும் ஃபர்ளு ஐன். பிளஸ் டூவில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் இதிலிருந்து விடுமுறை கிடையாது. சமுதாயத்தில் சிலராவது கற்றாக வேண்டிய கல்வி ஃபர்ளு கிஃபாயா. எவருமே கற்கவில்லையானால் ஊர் முழுவதும் குற்றவாளியாகிறது.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் மருத்துவத்தையும் கணிதத்தையும் இந்த ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். நெசவும் விவசாயமும்கூட அதில் அடக்கம் என்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மாணவர்களோ பேரும் பதவியும் கிடைக்கும் துறையிலேயே போய்க் குவிகிறார்கள் என்று அப்போதே வருந்தியிருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த வருத்தம் நம் தெருவைப் பார்த்துச் சொன்னதுபோல் இல்லையா?

பிரசவம் என்றால் பெண் டாக்டர்தான் வேண்டும் என்கிறோம். நல்லது, அது நம் ஹயாவுக்கு உகந்ததே! ஆனால் நம் வீட்டுப் பெண் நல்ல மதிப்பெண்ணுடன் வந்து, உம்மா, நான் மருத்துவம் படிக்கிறேன் என்றால், பெண்ணுக்கு எதற்கு இத்தனை படிப்பு என்கிறோம். எல்லோரும் இப்படியே சொன்னால் அந்தப் பெண் டாக்டர் எங்கிருந்து வருவார்? அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் சிகிச்சைக்காக ஒப்படைக்கப்பட்டது ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம். பர்தாவின் ஒழுக்கம் பேணிப் படிக்க வழியிருக்கும்போது வாசலை அடைப்பது பேணுதல் ஆகாது.

மருத்துவம் மட்டும்தான் என்றில்லை. வக்ஃபு சொத்துக்கு வழக்கு வந்தால் வக்கீலைத் தேடி அலைகிறோம். பாகப்பிரிவினைக்கும் ஜகாத்துக்கும் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். நல்ல ஆசிரியர், நல்ல செவிலியர், நேர்மையான அரசு அலுவலர் எல்லோரும் வேண்டும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எதில் கூட்டம் அதிகம் என்று பார்க்காமல் எதில் ஆள் இல்லை என்று பாருங்கள்.

பிள்ளைக்கு எது இயலும்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்கள் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஹலால், ஹராமை நன்கறிந்தவர் முஆத், வாரிசுரிமைச் சட்டத்தில் தேர்ந்தவர் ஸைத், குர்ஆன் ஓதுவதில் சிறந்தவர் உபை என்று ஒவ்வொருவரின் திறனையும் தனித்தனியே எடுத்துச் சொன்னார்கள். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அவர் அரை மாதத்தில் தேர்ந்துவிட்டார். ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்குக் கவிதை பாட மேடை தந்தார்கள். படை நடத்தச் சொல்லவில்லை!

ஹிஜ்ரி 751-இல் மறைந்த அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) பிள்ளை வளர்ப்பைப் பற்றிய தம் நூலில் இதையே விரித்துரைக்கிறார். பிள்ளையின் இயல்பு எதில் இருக்கிறது என்று பெற்றோர் கவனித்தறிய வேண்டும். மார்க்கத்தில் தேவையானதைக் கற்பித்த பின் அந்த வழியிலேயே விட வேண்டும். இயல்புக்கு மாறான வழியில் தள்ளினால் அதிலும் தேற மாட்டான். தேறக்கூடிய வழியையும் இழந்துவிடுவான். இதுவே அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கணக்கில் கணிதத்துக்கு மட்டும் 100. கணக்கைக் கண்டாலே முகம் சுளிக்கும் பையனை அங்கே தள்ளினால், பாக்கி விழுந்த பாடங்களோடு அவன் நான்கு ஆண்டுகளை எப்படித் தள்ளுவான்? யாரும் சொல்லாமலே எந்தப் புத்தகத்தை எடுக்கிறான், எந்த ஆசிரியர் அவனைப் பாராட்டுகிறார், எந்த வேலையில் சாப்பாட்டை மறக்கிறான் என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். வணிகப் பிரிவில் சேர்த்துவிட்டுப் பிறகு டாக்டராக்குவது எளிதன்று.

பணம் எவ்வழியில்?

படிப்பு ஹலாலானதாக இருந்தால் மட்டும் போதாது. அது கொண்டுபோய் விடும் வேலையையும் பார்க்க வேண்டும். வட்டியை வாங்குபவரையும் கொடுப்பவரையும் மட்டுமல்ல, அதை எழுதுபவரையும் சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. மது பரிமாற வேண்டிய வேலை, வட்டிக் கணக்கு எழுத வேண்டிய வேலை என்றால் சேரும் முன்பே யோசியுங்கள். வணிகவியல் கற்பதில் குற்றமில்லை. இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே துணி வணிகர்தாம்! கற்ற பின் எந்த நாற்காலியில் அமர்கிறோம் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டுக்காக உம்மாவின் நகையை வட்டிக்கு அடகு வைக்கிறார்கள். அது போதாமல் வட்டிக் கடனும் வாங்குகிறார்கள். பிறகு அந்தக் கடனை அடைக்க, இன்ஜினீயர் மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண் வீட்டில் கைக்கூலி கேட்கிறார்கள். ஒரு ஹராமை மறைக்க இன்னொரு ஹராம்! இப்படி வாங்கிய பட்டத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

வேறு வழியில்லையா? உண்டு. அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 2007-இல் தமிழக அரசு தந்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம் முன்னோர் வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951-இல் சென்னையில் புதுக் கல்லூரியையும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும் எதற்காக எழுப்பினார்கள்? செல்வந்தர்களே! ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவன் உங்கள் தெருவிலேயே இருக்கிறான். அவன் வட்டிக் கடைக்குப் போகும் முன் நீங்கள் அவன் வீட்டுக்குப் போங்கள்.

மஷ்வராவும் இஸ்திகாராவும்

ஹஜ்ரத், மகனுக்கு எந்தக் காலேஜ் என்று இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள் என்று பள்ளிவாசலுக்கு வருவோர் பலர். கனவில் பச்சை தெரிந்ததா, வெள்ளை தெரிந்ததா என்று மறுநாள் வந்து கேட்பார்கள். இஸ்திகாரா சாஸ்திரம் பார்ப்பதன்று. அது தொழுகையும் துஆவும். குர்ஆனின் ஸூராவைக் கற்றுத் தருவதுபோல் நபி (ஸல்) அவர்கள் இதைத் தம் தோழர்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தேவையுள்ளவரே ஃபர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதாயின் எனக்கு எளிதாக்கு. தீயதாயின் என்னைவிட்டு அதையும், அதைவிட்டு என்னையும் திருப்பிவிடு என்ற கருத்தில் அல்லாஹ்விடம் கேட்க வேண்டும். அந்த ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அதற்கு முன் மஷ்வரா வேண்டும். நலம் நாடுபவரும் அனுபவசாலியுமானவரிடம் கலந்து ஆலோசிப்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வலியுறுத்துகிறார்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, கட்டணம் எவ்வளவு, அங்கே படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தத் துறையில் வேலை பார்ப்பவரிடம் பிள்ளையை அழைத்துப் போங்கள். விசாரிக்காமல் இஸ்திகாரா செய்வது, ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைத்தது போலாகும்.

மாணவச் செல்வங்களே!

இத்தனையும் செய்த பின்னும் விரும்பிய இடம் கிடைக்காமல் போகலாம். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்திகளைப் படித்து நெஞ்சம் பதறியிருக்கிறோம். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். ஒரு தேர்வுத்தாளுக்கு அது விலையன்று. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் முப்பது வயது வரை பூட்டுச் செய்யும் தொழிலாளி. அவர்தம் பெயரிலேயே அத்தொழில் நிற்கிறது. அதன் பின்னர்தான் ஃபிக்ஹு கற்கத் தொடங்கி இமாமாக உயர்ந்தார்கள். பதினேழு வயதில் ஒரு வாசல் மூடினால் அல்லாஹ்வின் வாசல்கள் அனைத்தும் மூடிவிட்டன என்று எண்ணாதீர்கள்.

பெற்றோர்களே! மதிப்பெண் பட்டியலோடு பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது முதலில் அவன் முகத்தைப் பாருங்கள். தாளைப் பிறகு பார்க்கலாம்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தப் பரிந்துரைத்த பெண்மணி, அவர்களிடம் வலிமையும் நம்பகமும் இருப்பதைக் காரணமாகச் சொன்னதாகத் திருமறை (28:26) கூறுகிறது. எந்தப் படிப்பானாலும், எந்த வேலையானாலும் இவ்விரண்டும் இருந்தால் போதும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும், ஈருலக நற்பேற்றையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.