நன்றியும் நடுவுநிலைமையும்

திருக்குறளில் செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமை வைக்கப்பட்டமைக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுவார். உதவி செய்தாரிடத்து நன்றியை நினைக்குங்கால் நடுவுநிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பது அவர் கருத்து. ஐக்கிய அமெரிக்காவின் கண் வைத்தியத்துறையை நோக்குவோர்க்கு இவ்வுரையின் ஆழம் நன்கு புலனாகும்.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றுப் பார்வை மங்கும் நோயின் ஒரு வகைக்கு ஊசிமூலம் கண்ணுள் மருந்து செலுத்துவர். இதற்கென 2006இல் அங்கு அங்கீகாரம் பெற்ற லுசென்ரிஸ், ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 2000 டொலர் விலையில் விற்கப்பட்டது. அதே கம்பனி புற்றுநோய்க்கென விற்ற அவாஸ்ரினைச் சிறு அளவுகளாகப் பிரித்துச் செலுத்தினால் ஏறத்தாழ 50 டொலரே செலவாயிற்று. ஒரே கால ஒழுங்கில் செலுத்தினால் இரண்டும் பார்வையைச் சமமாகவே காக்கின்றன என்று, அரசாங்கப் பணத்தில் நடைபெற்ற ஆய்வொன்று 2011இல் காட்டிற்று.

அவ்வாறாயின் விலைகூடிய மருந்தை ஒரு வைத்தியர் ஏன் தேர்கிறார்? மருந்தைப் பிரிக்கையில் கிருமி புகுந்துவிடலாம் என்னும் அச்சம் நேர்மையான காரணமாகலாம். ஆனால் வேறு காரணங்களும் உள. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி, மருந்தின் சராசரி விற்பனை விலையோடு அதன் 6 வீதத்தையும் சேர்த்து வைத்தியருக்குக் கொடுக்கும் விதியுடையது. விலை ஏற அவர் பங்கும் ஏறும். இதன்மேல் கம்பனிகள் வழங்கும் விருந்து, பயணச் செலவு, சொற்பொழிவு ஊதியம், ஆலோசனைக் கட்டணம் ஆகியன வேறு.

இக்கொடைகளை வெளிப்படுத்த வேண்டுமென 2010இல் அங்கு சட்டம் பிறந்தது. எந்த வைத்தியர் எக்கம்பனியிடம் எவ்வளவு பெற்றார் என்பதை 2014 முதல் எவரும் பார்க்கலாம். இது நல்லதே. ஆனால், பட்டியலில் பெயருள்ளவரெல்லாம் கையூட்டுப் பெற்றவரல்லர். ஆராய்ச்சிக்கான பணமும் அதில் அடங்கும். விருந்துண்டவரும், "என் தீர்ப்பு மாறவில்லை" என மனமறியப் பொய்யின்றியே கூறுவார். ஆபத்து இங்கேதான் உள்ளது. கையூட்டு வாங்கியவன் தன் குற்றத்தை அறிவான். நன்றியோ அறத்தின் கோலத்தில் உள்ளே புகுகின்றது.

ஆகவே நோயாளி பட்டியலைப் பார்ப்பதோடு அமையாது, "இம்மருந்து ஏன்? இதனினும் மலிவானது உண்டா? இரண்டுக்கும் வேறுபாடு யாது?" என வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்குச் சினவாது விடை கூறுபவரே நாடத்தக்க வைத்தியர்.

எனினும், பார்வை மங்கிய முதியவரிடம் பட்டியலைக் கொடுத்து, "நீரே ஆராய்ந்து கொள்ளும்" எனக் கூறிவிட்டால் சமுதாயத்தின் கடமை தீர்ந்துவிடுமா? வைத்தியரின் ஊதியம் மருந்தின் விலையோடு பிணைந்திருக்கும்வரை, அவரது மேற்படிப்புக்கு வியாபாரி செலவிடும்வரை, நடுவுநிலைமை தனிமனிதரின் மனவலிமையை மட்டுமே நம்பி நிற்கும். அப்பிணைப்பை அறுப்பது பொதுமக்களின் பொறுப்பாகும். வைத்தியர் நன்றி பாராட்ட வேண்டியவர், தம் கண்ணை நம்பி அவர் கையில் ஒப்படைத்தவரேயன்றி வேறு யார்?