கூரைப் பெட்டியும் தேர்வின் நியாயமும்

பொது அளவுகோல் இல்லாத நன்மைகளுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பகுத்தறிவு கடைசிவரை துணைக்கு வருகிறதா, இல்லை பாதி வழியில் கைவிட்டுவிடுகிறதா? மெய்யியலாளர்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தொழில், திருமணம், துறவு போன்ற பெரிய முடிவுகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் பயமும் ஆசையும் ஊர்ப்பேச்சும் கலந்துவிடுவதால், கேள்வி எது, கலக்கம் எது என்று பிரித்தறிவது கடினம். அற்பமான முடிவு ஒன்றில் இந்தத் தொல்லை இல்லை. பனிச்சறுக்குக்காக ஆல்ப்ஸ் மலைக்குக் காரில் போகும் ஒரு குடும்பம், ஸ்கீ பலகைகளை வைக்கக் கூரைமேல் பூட்டும் பெட்டி வாங்குவது அத்தகைய முடிவு.

நாம் ஆலோசிப்பது இலக்குகளைப் பற்றியல்ல, அவற்றை அடையும் வழிகளைப் பற்றியே என்கிறார் அரிஸ்டாட்டில், ‘நிகோமாக்கிய அறவியல்’ மூன்றாம் பகுதியில். நோயாளியைக் குணப்படுத்தலாமா வேண்டாமா என்று மருத்துவர் யோசிப்பதில்லை. எப்படிக் குணப்படுத்துவது என்றுதான் யோசிக்கிறார். ம்யூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்குக் கிளம்பும் நால்வர் குடும்பத்துக்கும் பயணம் முடிவான விஷயம், பெட்டி அதற்கொரு வழி. அந்த வழியிலும் பெரும்பகுதியை மனிதர் தீர்மானிப்பதில்லை, பொருள்களே தீர்மானித்துவிடுகின்றன.

முதலில் நீளம். பெட்டியின் கொள்ளளவை லிட்டரில் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஸ்கீக்கு லிட்டரால் பயனில்லை. 175 சென்டிமீட்டர் ஸ்கீயைக் குட்டையும் அகலமுமான 400 லிட்டர் பெட்டி ஏற்காது. ஒடுங்கி நீண்ட 300 லிட்டர் பெட்டி ஏற்கும். வெளி நீளத்தைவிட உள் நீளம் குறைவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்தது எடை. கூரை தாங்கும் உச்ச எடை காரின் கையேட்டிலேயே இருக்கும்; பல கார்களில் அது 75 கிலோ. அதில் குறுக்குக் கம்பிகளும் பெட்டியும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பிகளுக்கு 6 கிலோ, பெட்டிக்கு 20 கிலோ போனால் சரக்குக்கு மிஞ்சுவது 49 கிலோ. நான்கு ஜோடி ஸ்கீகளும் ஊன்றுகோல்களும் அதற்குள் அடங்கிவிடும். கனமான ஸ்கீ பூட்ஸ்கள் டிக்கிக்குப் போவதே முறை. டிக்கிக் கதவை மேலே தூக்கும்போது பெட்டியின் பின்முனையில் இடிக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இவையெல்லாம் நிபந்தனைகள். ஒரு நிபந்தனை பூர்த்தியாகும் அல்லது ஆகாது. அதைத் தராசில் வைத்து இன்னொன்றோடு எடைபோட வழியில்லை. கூரை தாங்காத பெட்டியை விலை மலிவு என்று வாங்குபவர் கணக்கில் தவறவில்லை. எடைபோடவே கூடாத ஒன்றை எடைபோட்டிருக்கிறார். அறவியலிலும் இந்த வேறுபாடு உண்டு. செய்யவே கூடாதவை வேறு, கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியவை வேறு.

நிபந்தனைகளைத் தாண்டி மூன்று பெட்டிகள் மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஒல்லியானது, வேகத்தில் சத்தம் குறைவு. இரண்டாவது அகலமானது, ஸ்கீயோடு கம்பளி உடைப் பைகளையும் விழுங்கும். மூன்றாவது மலிவு, ஆனால் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும், சாலையோரத்தில் நிறுத்தினால் வண்டிகள் பாயும் பக்கம் சேற்றுப்பனியில் நின்று திறக்க நேரலாம். சத்தத்தையும் இடத்தையும் பணத்தையும் எந்த அலகால் அளப்பது?

இதற்கு ஒரு புகழ்பெற்ற வழி உண்டு. வேதியியலாளர் ஜோசப் ப்ரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலை ஒன்று வந்தது. ஏற்பதா வேண்டாமா என்ற குழப்பத்தில் அவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினிடம் கேட்டார். 1772 செப்டம்பரில் ஃப்ராங்க்ளின் எழுதிய பதில்: தாளின் நடுவே கோடு போட்டு, சாதகங்களை ஒரு பக்கமும் பாதகங்களை மறுபக்கமும் சில நாட்கள் எழுதிவர வேண்டும், சம எடை உள்ளவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ப்ரீஸ்ட்லி வேலையை ஏற்றார். முறை நல்ல முறைதான். ஆனால் இடப்பக்கத்து ஒன்றும் வலப்பக்கத்து இரண்டும் சமம் என்று அடிக்கும் அந்தக் கணத்தில், எதை வைத்து அடிக்கிறோம் என்பதை அது சொல்வதில்லை. சிக்கல் முழுவதும் அந்த ஒரு பேனாக்கோட்டில் ஒளிந்திருக்கிறது.

ஒல்லிப் பெட்டியும் அகலப் பெட்டியும் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்லித் தப்பிக்கலாமா? முடியாது. அகலப் பெட்டிக்கு 20 யூரோ தள்ளுபடி வருகிறது என்று கொள்க. இரண்டும் துல்லியமாகச் சமமாக இருந்திருந்தால், இந்த 20 யூரோ தராசைச் சாய்த்திருக்க வேண்டும். நடைமுறையில் சாய்வதில்லை, வாங்குபவர் முன்போலவே தயங்கி நிற்கிறார். ஆக, ஒன்று மேலானதும் அல்ல, கீழானதும் அல்ல, சமமும் அல்ல. மெய்யியலாளர் ஜோசப் ராஸ் இதிலிருந்து, இத்தகையவை ஒப்பிட முடியாதவை என்ற முடிவுக்கு வந்தார். இன்னொரு மெய்யியலாளரான ரூத் சாங் 2002இல் வெளியிட்ட கட்டுரையில் நான்காவது உறவு ஒன்று உண்டென வாதிட்டார்: இரண்டும் ஒரே தரவரிசையில் நிற்கின்றன, ஆனால் வெவ்வேறு விதத்தில் நல்லவை. அத்தகைய இடத்தில் காரணங்கள் வெளியிலிருந்து தீர்ப்பளிப்பதில்லை. ஒருவர் தம்மை ஒன்றின் பக்கம் ஒப்படைப்பதன் மூலம் தாமே காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறார் என்பது அவர் நிலை. வாழ்க்கைத் தொழிலைத் தேர்வதற்கு இது அழகாகப் பொருந்தும். பிளாஸ்டிக் பெட்டிக்குத் தன்னை ஒப்படைப்பவர்மீது பரிதாபம்தான் வரும்.

சிறு விஷயங்களுக்கு ஹெர்பர்ட் சைமனின் பாதை மேல். 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், மனிதர் எல்லா வழிகளையும் அலசி ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது என்ற வரம்பைத் தொடும் முதல் வழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 1956இலேயே எழுதினார். தேடலுக்கும் செலவு உண்டு. 20 யூரோ மிச்சம் பிடிக்க மூன்று மாலைகளைச் செலவிடுபவர் அந்த மாலைகளின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போதும் என்ற வரம்பை எங்கே வைப்பது என்ற எதிர்க்கேள்வி எழும். பெரிய முடிவுகளில் அது நியாயமான கேள்வி. பெட்டி விஷயத்தில் நிபந்தனைகளே வரம்பை வைத்துவிட்டன.

அளவைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. புதிய மேலங்கி வந்ததும் பழைய நாற்காலியும் மேசையும் பொருந்தாமல் போய் ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்ததைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ ஒரு கட்டுரை எழுதினார். பெட்டியும் அதைத்தான் செய்யும். 500 லிட்டர் காலியாக இருந்தால் வீட்டில் கிடக்க வேண்டிய பொருள்களும் ஏறும். 49 கிலோ வரம்பு மீறப்படுவது இப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 100 கிலோமீட்டர் வேகத்தைவிட 130இல் அது 1.69 மடங்கு, பெட்டி பெரிதாக ஆக எரிபொருள் செலவும் ஏறும்.

வழியை அலசும்போது இலக்கும் அசைவதுண்டு. அரிஸ்டாட்டில் இதற்குப் போதிய இடம் தரவில்லை. நான்கு ஜோடி ஸ்கீகளை ஏற்றிச் செல்வது குடும்பத்தின் இலக்காக இருந்ததே இல்லை. அவர்கள் விரும்பியது மலைச்சரிவில் சறுக்குவதை. சரிவின் அடிவாரக் கடைகளில் ஸ்கீகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பெட்டியையும் வாடகைக்கு எடுக்கலாம்.

எனவே ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் பனிக்குப் போகிறவர்கள் பெட்டி வாங்க வேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்க வார இறுதிதோறும் போகிறவர்கள் வாங்கலாம்: நீளமும் எடையும் கதவும் ஒத்துவரும் முதல் பெட்டியை, அன்றைக்கே.